பாடசாலை விடுமுறையில் பன்னவேலை: பிள்ளைகளோடு ஓலை பின்னத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

விடுமுறை விட்ட பிறகு ஓலை தேடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. சார்வு, அதாவது இளம் பனையோலை, வெட்ட ஆள் பிடிக்க நாலு நாள் போகும். ஓலை காய இன்னும் நாலு நாள். பழக்கித்தர ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் வரச் சம்மதித்து, பெட்டிக்கு அடி போடுகிற நேரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், அல்லது பிள்ளைகள் கொழும்புக்குப் புறப்படுகிற நாள் வந்துவிடும். அரைகுறைப் பின்னல் விறாந்தை மூலையில் கிடந்து வெடித்துப் போகும். இதில் பிள்ளைகளின் பிழை ஒன்றும் இல்லை. வேலையின் வரிசைதான் பிழை.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற குடும்பங்களுக்கும், ஆடி ஆவணியில் ஊருக்கு வருகிற குடும்பங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். முதல் விடுமுறைக்கு இலக்கு இரண்டே பொருட்கள்: தேத்தண்ணிக் கோப்பை வைக்க ஒரு சின்னத் தடுக்கு, சாமான் போட்டு வைக்க ஒரு சின்னப் பெட்டி. நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் என்று எடுத்த எடுப்பில் இறங்கினால் ஒன்றும் முடியாது. அவை கை பழகியவர்களின் வேலை.

1. முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள்

இங்குள்ள பாடசாலைகளுக்கு இரண்டாம் தவணை விடுமுறை வழமையாக ஓகஸ்டில் வரும். ஆனால் அதன் நீளம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஒரு மாதம் கிடைத்த வருடங்களும் உண்டு, இரண்டு கிழமைகூட முழுதாகக் கிடைக்காத வருடங்களும் உண்டு. கல்வி அமைச்சின் தவணை நாட்காட்டியைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள். லண்டன் பிள்ளைகளுக்கு ஜூலைக் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ ஆறு கிழமை. கனடாப் பிள்ளைகளுக்கு ஜூலையும் ஓகஸ்டும். அவுஸ்திரேலியாவில் அப்போது குளிர்காலம், ஜூலையில் கிடைப்பது இரண்டு கிழமைதான்.

இங்குள்ள பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக ஓய்வாயிருக்கும் நாட்கள் நினைப்பதைவிடக் குறைவு. அந்த நாட்களைக் கலண்டரில் குறித்து, பெட்டி பின்னுவதை அவற்றுக்குள் வையுங்கள். மச்சான் மச்சாள்மார் ஒரே பாயில் இருந்து பின்னும்போது, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிற பிள்ளைக்கும் கை வேலை பேச்சை இழுத்து வரும். தனித்தனியே பின்னக்கூடிய தடுக்கை மற்ற நாட்களுக்கு விடலாம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் கணக்கில் எடுங்கள். ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறி 25 நாட்கள் திருவிழா. பத்தாம் நாள் மஞ்சம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்த நாட்களில் ஓலை வெட்டுபவரும் வரமாட்டார், பழக்குபவரும் வரமாட்டார், பிள்ளைகளும் இருந்த இடத்தில் இரார்.

சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் 30 நாட்கள். ஆறு கிழமை நிற்பதென்றால் நீடிப்புக்கு, அந்த 30 நாள் முடியுமுன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கவேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளைத் தனியாகப் பாருங்கள். அவை பெரியவர்களுடையதைவிடக் கெதியில் காலாவதியாகும்.

நாளாந்த நேரம்: காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிப்பது நல்லது. அந்த நேரத்துக் காற்றில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் ஓலை சொன்னபடி வளையும். பத்து மணிக்குமேல் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால், நனைத்த ஓலையும் கையில் இருக்கும்போதே காய்ந்து மடிப்பில் வெடிக்கும். ரியூசனும் பெரும்பாலும் ஒன்பதுக்குத்தான் தொடங்கும் என்பதால் இந்த நேரம் இருவகையிலும் தோது. புலமைப்பரிசில் எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பரீட்சைத் திகதியைப் பாருங்கள். பரீட்சை முடியும்வரை அந்தப் பிள்ளையை இதற்குள் இழுக்க வேண்டாம்.

2. ஓலை: எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது

“பனையோலை வேணும்” என்று மட்டும் சொன்னால் பச்சை முற்றல் ஓலை வந்து சேரும். அது வேலிக்கும் கூரைக்கும் ஆகும், பின்னலுக்கு ஆகாது. விரியத் தொடங்கிய இளம் ஓலையான சார்வுதான் வேண்டும். இன்னும் விரியாத வெள்ளைக் குருத்தைக் கேட்காதீர்கள். அதை வெட்டினால் மரத்துக்குக் கேடு. பனை வருடத்துக்கு ஒரு டசின் அளவில்தான் ஓலை விடும். ஆகவே ஒரு மரத்தில் ஒரு சார்வுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

எத்தனை சார்வு? ஒரு சார்வில் 60 முதல் 80 வரை இதழ் மடிப்புகள் இருக்கும். இரு ஓரத்திலும் உள்ளவை கட்டையானவை, அவற்றைத் தள்ளிவிட்டால் 45 அளவில் தேறும். ஈர்க்கை எடுத்தால் ஒவ்வொன்றும் இரண்டாகும். அப்படியென்றால் ஒரு சார்வில் ஏறத்தாழ 90 கீற்று. ஒரு பிள்ளைக்குத் தடுக்குக்கு 16, பெட்டிக்கு 16. பழகும்போது பாதி பழுதாகும் என்று வைத்துக்கொண்டால் 64. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு சார்வு தாராளம். சாயம் போடப் போகிறீர்கள் என்றால் மூன்று.

உங்கள் வளவில் வடலி (இளம் பனை) நின்றால் நிலத்தில் நின்றே வெட்டலாம். மட்டையின் இரு ஓரமும் கருக்கு, வாள்போல அறுக்கும். வெட்டுகிறவர் தடித்த கையுறை போடவேண்டும், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கவேண்டும். வடலிப் பற்றைக்குள் பாம்பும் கொடுக்கானும் (தேளும்) இருக்கும். செருப்போடு போகாதீர்கள், சப்பாத்து போடுங்கள். முதலில் தடியால் தட்டிவிட்டு இறங்குங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு, கீறி, பச்சிலை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற காணிக்குள், எவ்வளவு நல்ல சார்வு தெரிந்தாலும், கால் வைக்கக்கூடாது. இதை வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே படம் காட்டிச் சொல்லுங்கள்.

உயர்ந்த மரமென்றால் ஏறத் தெரிந்தவரிடமே விடுங்கள். காசு பேசும்போது இரண்டைப் பிரித்துக் கேளுங்கள்: மரம் ஏறுகிற கூலி எவ்வளவு, ஓலைக்கு எவ்வளவு. பிறத்தியாரின் காணி மரமென்றால் ஓலைக்காசு காணிக்காரருக்கு. இதைத் தெளிவாகப் பேசாமல் விட்டு, பிறகு வேலியோரத்தில் மனக்கசப்பு வருவது வழமை. ஆட்கள் வெளிநாட்டிலிருப்பதால் பூட்டிக் கிடக்கிற வளவுகளிலும் காணிக்காரரிடம் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டபிறகே வெட்டுங்கள். ஓலை எடுப்பது வேறு, மரம் தறிப்பது வேறு. பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும். “இடைஞ்சலாய் நிற்குது, மரத்தையே தறிச்சுத் தாறன்” என்று யாரும் சொன்னால் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

மரமும் இல்லை, ஆளும் இல்லை என்றால், பெட்டி கடகம் பின்னி விற்பவர்களிடம் பதப்படுத்திய ஓலைக்கட்டாகவே வாங்கலாம். திருநெல்வேலிச் சந்தையிலோ சாவகச்சேரிச் சந்தையிலோ பெட்டி, சுளகு விற்கிறவரிடம் பின்னியவர் யார் என்று கேட்டால் வழி கிடைக்கும். விலை கூடும், ஆனால் ஒரு கிழமை மிச்சம். பத்து நாள் மட்டும் நிற்கிறவர்களுக்கு இதுவே புத்தி.

3. காய வைத்தல்

வெட்டிய அன்றே விசிறிபோல விரித்து முற்றத்தில் போடுங்கள். மண்ணில் போடாமல் பழைய பாயிலோ சாக்கிலோ போட்டால் கறை பிடிக்காது. காலையும் பின்னேரமும் புரட்டவேண்டும். இந்த மாதங்களின் வெயிலுக்கு மூன்று, நான்கு நாள் போதும். இளம்பச்சை போய்த் தந்த நிறம் வந்து, இதழை மடித்து விட்டால் மெல்லிய சரசரப்போடு திரும்ப விரியவேண்டும். மடித்த இடத்தில் உடைந்தால் கூடக் காய்ந்துவிட்டது, நனைத்து எடுக்கலாம். சத்தமே இல்லாமல் துணிபோலத் தொய்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு கட்டி வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி கழுவினாலும் போகாது.

காய்ந்ததும் ஒவ்வொரு இதழையும் அடியில் அறுத்து, நடுவிலிருக்கும் ஈர்க்கைக் கத்தி நுனியால் எடுத்து உரித்து விடுங்கள். ஈர்க்கை எறிய வேண்டாம், பிறகு தேவைப்படும். ஈர்க்கு எடுத்த ஓலையைச் சுருட்டிக் கட்டி நிழலில் வையுங்கள்.

4. பழக்குகிறவர், காசு, கடதாசிகள்

அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ பின்னத் தெரிந்தால் வெளியில் ஆள் தேட வேண்டாம். “எனக்கு மறந்து போச்சு” என்பார்கள். கையில் நனைந்த ஓலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள், விரல்களுக்கு மறந்திராது. ஆனால் அவர்களால் நிலத்தில் அதிக நேரம் இருக்க ஏலாது. மேசையும் கதிரையும் போட்டுக் கொடுங்கள். கண் வெளிச்சத்துக்குக் காலை வெயில் விழுகிற விறாந்தைப் பக்கமாக இருத்துங்கள்.

வீட்டில் யாரும் இல்லையென்றால் ஊரில் பன்னவேலை செய்கிற அக்கா, ஆச்சி யாரையும் கேட்கலாம். நாட்கூலியாகப் பேசுங்கள், பொருளுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். பொருளுக்கென்று பேசினால், பிள்ளையின் கையிலிருந்து வாங்கித் தானே வேகமாக முடித்துக் கொடுக்கவேண்டிய நிலை அவருக்கு வரும். அவர் அந்த நேரத்தில் தன் வீட்டில் பின்னினால் கிடைக்கிற வருமானத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். அதில் பேரம் வேண்டாம். பஸ் காசும் காலைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஒருவரிடம் விடாதீர்கள்.

பனை அபிவிருத்திச் சபையின் தலைமையகம் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது, பனை ஆராய்ச்சி நிறுவகம் கைதடியில். பயிற்சி பற்றிக் கேட்பதென்றால் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னமே கேளுங்கள். கேட்கும்போது பிள்ளைகளின் வயதையும் எண்ணிக்கையையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். பெரியவர்களுக்கான பயிற்சி பற்றி முழு விளக்கமும் கேட்டுவிட்டுக் கடைசியில் “ஏழு வயசுப் பிள்ளைக்கு” என்று சொல்வதால் இரு பக்கமும் நேரம் போகிறது. எங்கே பதிவதானாலும் பெற்றோரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டுப் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை.

சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் அல்லது சந்தையில் சாயம் போடாத, எளிய சதுரப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அழகுக்கு அல்ல, அவிழ்ப்பதற்கு. விளிம்பிலிருந்து ஒவ்வொரு கீற்றாக அவிழ்த்துப் பார்த்தால், எந்தக் கீற்று எங்கே மடிந்து எதற்குள் நுழைகிறது என்பது கைக்கே விளங்கும். எந்தக் காணொளியைவிடவும் இது நல்ல பாடம்.

5. கருவிகள்

அதிகம் இல்லை. கூரான கத்தரிக்கோல், அடிமட்டம், உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒரு டசின், பழைய துவாய், முனை மழுங்கிய தடித்த ஊசி. கீற்றுகளை ஒரே அகலத்தில் வாருவதற்கு ஒரு சின்ன ஏற்பாடு: பென்சில் அழிக்கிற பெரிய றப்பர்த் துண்டில் குண்டூசி இரண்டை 1.5 சென்றிமீற்றர் இடைவெளியில் மறுபக்கம் நுனி தெரியக் குத்துங்கள். ஓலையைப் பலகையில் வைத்து, அடிப்பக்கத்தில் ஊசி நுனியை அழுத்தி நுனிப்பக்கமாக இழுத்தால் ஓலை அதன் நரம்போடு நேராகக் கிழியும். கத்தியால் அடிமட்டம் வைத்து வெட்டினால் நரம்பைக் குறுக்கே வெட்டிவிடும், அந்த இடத்தில் பிறகு பிரியும். ஊசி வேலை பெரியவர்களுக்கு மட்டும்.

அகலம் ஏன் 1.5? ஒரு சென்றிமீற்றருக்குக் குறைந்தால் சின்ன விரல்களுக்குப் பிடி கிடைக்காது. இரண்டுக்கு மேல் போனால் மூலை திரும்பாது.

6. முதல் நாட்கள் தென்னோலையில்

பனையோலை காய்கிற நாட்களை வீணாக்காதீர்கள். தென்னோலைக்குக் காய வைக்கும் வேலை இல்லை, செலவும் இல்லை. பழுதானால் ஆட்டுக்குப் போடலாம். மேல் கீழ், மேல் கீழ் என்கிற பின்னலின் சந்தத்தைப் பிள்ளையின் கை இதில் பழகிவிடும். ஐந்து வயதிலிருந்தே முடியும்.

முதல் வேலை நாலு கீற்றுப் பூட்டு. 30 சென்றிமீற்றர் நீளத்தில் நாலு கீற்று எடுத்து ஒவ்வொன்றையும் நடுவில் மடியுங்கள். முதலாவதை இரண்டாவதின் இரு மடிப்புக்கும் நடுவில் வையுங்கள். அதேபோல இரண்டாவதை மூன்றாவதின் நடுவிலும், மூன்றாவதை நாலாவதின் நடுவிலும் வையுங்கள். நாலாவதின் இரு வால்களையும் முதலாவதின் மடிப்புக்குள்ளால் எடுத்து, நாலு பக்கமும் மெதுவாக ஒரே நேரத்தில் இழுங்கள். நடுவில் நாலு கட்டம் உள்ள சதுரம் இறுகும். வால்களைக் கொஞ்சம் சரித்து முறுக்கி, நடுவில் ஈர்க்கைக் குத்தினால் காற்றாடி. சோளகம் இருக்கிற மாதம், ஓடத் தேவையில்லை, பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இழுத்தால் பூட்டு வளைந்து கழன்றுவிடும். பிள்ளைகள் எல்லோரும் செய்கிற பிழை இது.

தென்னோலை காயும்போது சுருங்கும். இன்று இறுக்கமாய் இருப்பது மூன்றாம் நாள் ஆடும். பிள்ளைக்கு இதை முன்னமே சொல்லிவையுங்கள், பிறகு அழாது.

இதே நாட்களில் பனம்பழமும் விழும். களி எடுத்துப் பினாட்டுக்கு ஊற்றுகிற வீடென்றால், பிழிந்த கொட்டைகளில் நாலைந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, பழைய சீப்பால் தும்பை வாரிவிட்டால் சடைத்தலைப் பொம்மை. கண்ணுக்கு இரண்டு மணி ஒட்டலாம். சரியாகக் கழுவாவிட்டால் எறும்பு படை எடுத்துவிடும். மிச்சக் கொட்டைகள் கிழங்குப் பாத்திக்கு வேண்டும், எல்லாவற்றையும் பொம்மையாக்கிவிடாதீர்கள்.

7. தடுக்கு: எட்டுக்கு எட்டு

30 சென்றிமீற்றர் நீளம், 1.5 அகலம், 16 கீற்று. ஈரத் துவாயில் சுற்றி அரை மணித்தியாலம் வையுங்கள். வாளித் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஊறிய ஓலை பருத்துவிடும். பின்னும்போது இறுக்கமாய்த் தெரியும், காய்ந்தபின் கட்டத்துக்குக் கட்டம் இடைவெளி விழும். புதிதாய்ப் பின்னுகிறவர்களின் பெட்டி தொளதொளவென்று போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எட்டுக் கீற்றை நெடுக்காக மேசையில் அடுக்குங்கள். ஒன்றின் அடிப்பக்கம் உங்களை நோக்கினால் அடுத்ததன் நுனிப்பக்கம் நோக்கவேண்டும். அடி தடிப்பு, நுனி மெல்லிசு. எல்லா அடியும் ஒரு பக்கம் வந்தால் சதுரம் கோணலாகும். பளபளப்பான முகம் எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக இருக்கட்டும்.

எல்லாக் கீற்றின் நடுவையும் பென்சிலால் குறியுங்கள். முதல் குறுக்குக் கீற்றை நடுக்கோட்டின் மேல்பக்கம் மேல் கீழாக விடுங்கள். இரண்டாவதை நடுக்கோட்டின் கீழ்ப்பக்கம், கீழ் மேலாக. இப்படி நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறி எட்டும் விடவேண்டும். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் மறு ஓரத்துக்கு வரும்போது வால் நீளங்கள் சரிவராது. ஒவ்வொரு இரண்டு கீற்றுக்கும் ஒருமுறை விரல் நுனியால் நெருக்கி, நாலு மூலையிலும் கிளிப் போடுங்கள். முடிவில் 12 சென்றிமீற்றர் சதுரம் வரும். 13 வந்தால் நெருக்கம் போதாது. அவிழ்க்கத் தேவையில்லை, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக இழுத்து விட்டால் போதும்.

ஓரம் மடிப்பதில்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுங்கள்: கடைசிக் கீற்றை அணைக்கிற பக்கமாக மடி. வால் கடைசிக் கீற்றுக்கு மேலாகப் போயிருந்தால் அடிப்பக்கமாக மடிக்கவேண்டும். கீழாகப் போயிருந்தால் மேல்பக்கமாக. மடித்த வாலைத் தன் வழியே திரும்ப இரண்டு மூன்று கட்டத்துக்குள் மழுங்கல் ஊசியால் நுழைத்து, மிச்சத்தைக் கட்டத்துக்குள் மறையும்படி வெட்டுங்கள். எதிர்ப்பக்கமாக மடித்தால் கடைசிக் கீற்றைப் பிடிக்க ஒன்றும் இராது, கழன்று வரும்.

ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு காலையில் முடிக்கும். அதற்குக் குறைந்த பிள்ளைக்குப் பின்னலை விட்டு, ஓர மடிப்பைப் பெரியவர் செய்யலாம். பிள்ளை பின்னியதை இரவில் யாரும் திருத்தி வைக்காதீர்கள். காலையில் அதற்குத் தெரியும்.

8. பெட்டி: மூலை எங்கே திரும்புகிறது

அதே எட்டுக்கு எட்டு. கீற்று மட்டும் 50 சென்றிமீற்றர் நீளம். நடுவில் 12 சென்றிமீற்றர் சதுரம் பின்னி, ஓரம் மடிக்காமல் நிறுத்துங்கள்.

சதுரத்தின் நாலு மூலைதான் பெட்டியின் மூலை என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி அல்ல. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில், நாலாம் கீற்றுக்கும் ஐந்தாம் கீற்றுக்கும் இடையில்தான் பெட்டியின் மூலை வரும். அந்த நாலு நடுப்புள்ளிகளையும் அடிமட்டம் வைத்துச் சாய்வாக இணைத்து மெதுவாக மடித்துவிட்டால் அடி தெரியும். ஒரு பக்கம் எட்டரை சென்றிமீற்றர். கீற்றின் எண்ணிக்கை இரட்டையாக இருக்கவேண்டியதும் இதனால்தான்.

ஒரு நடுப்புள்ளியை உங்களை நோக்கித் திருப்பி, நாலாம் கீற்றை வலப்பக்கமாகவும் ஐந்தாம் கீற்றை இடப்பக்கமாகவும் சரித்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விடுங்கள். இறுக்கும்போது ஓலை தானாக மேலே எழும்பும். பிள்ளையின் முகம் மாறுகிற இடம் இது; தட்டையாய்க் கிடந்தது பெட்டியாகத் தொடங்குவது கண்முன்னே நடக்கும். அங்கே கிளிப் போட்டுவிட்டு அடுத்த மூன்று மூலைகளுக்கும் இப்படியே ஒரு குறுக்கு மட்டும் போடுங்கள். ஒரு மூலையை முழுதாகப் பின்னிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பெட்டி ஒரு பக்கம் சாயும், நிமிர்த்த முடியாது.

நாலும் எழுந்த பிறகு சுற்றிச் சுற்றிப் பின்னவேண்டும். கடைசியாக மேலே போன கீற்று அடுத்து கீழே போகும், அவ்வளவுதான் கணக்கு. இரண்டு கட்டம் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் தெரிந்தால் அங்கே ஒரு கீற்று தவறியிருக்கிறது. உடனே அவிழ்த்துத் திருத்துங்கள், மேலே மூடிக்கொண்டு போக விடாதீர்கள்.

உயரம் 6 சென்றிமீற்றர் வந்ததும் சுற்றிவர நூல் ஒன்று கட்டுங்கள். ஒவ்வொரு கீற்றையும் அந்த நூல் மட்டத்தில் உட்பக்கமாக மடித்தால், அது எதிர்த் திசைக்குச் சாய்ந்து நிற்கும். அந்தத் திசையில் ஏற்கெனவே ஒரு கீற்று ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேலேயே, அது போகிற வழியிலேயே, மூன்று கட்டம் கீழே நுழைத்து இழுங்கள். விளிம்பு இரட்டைத் தடிப்பாகும். மடிக்குமுன் விரலை நனைத்து அந்த இடத்தைத் தடவிவிட்டால் வெடிக்காது.

முடித்த பெட்டியை நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். உள்ளே பொருத்தமான கட்டையோ ரின்னோ வைத்தால் வடிவம் நிற்கும்.

9. சாயம்

முதல் பெட்டிக்குச் சாயம் வேண்டாம். இரண்டாவதுக்குப் போடலாம். வாரிய கீற்றுகளில் பாதியைத்தான் போடவேண்டும்; நெடுக்கு ஒரு நிறம், குறுக்கு இயற்கை நிறம் என்றால் கட்டம் தெளிவாகத் தெரியும், பிழையும் உடனே கண்ணில் படும்.

ஓலைச் சாயத்தூளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு தட்டைத் தேக்கரண்டித் தூள், ஒரு மேசைக்கரண்டி உப்பு. கொதித்ததும் தளர்வாகக் கட்டிய கீற்றுகளைப் போட்டு 20 நிமிடம். இறுகக் கட்டினால் நடுவில் நிறம் ஏறாது. பிறகு தெளிந்த நீர் வரும்வரை அலசி நிழலில் காயவிடுங்கள். அந்தப் பானையை மறுபடி குசினிக்கு எடுக்கக்கூடாது. பிள்ளைகளை அடுப்படியில் விடாதீர்கள், அலசும் வேலையைக் கொடுங்கள். மஞ்சளில் செய்வதென்றால் மூன்று மேசைக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி சீனாக்காரம், அரை மணித்தியாலம். நல்ல நிறம் வரும், ஆனால் வெயிலில் வெளிறும். சாயம் போட்ட பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் வைக்க வேண்டாம்.

10. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால்

புறப்பட மூன்று நாளுக்கு முன்னமே பின்னலை நிறுத்துங்கள். ஈரப்பெட்டியைப் பயணப்பெட்டிக்குள் வைத்தால் இறங்கும்போது பூஞ்சணம் மணக்கும். நன்றாகக் காய்ந்தபின் பழைய பல் துலக்கும் தூரிகையால் இடுக்குகளைத் தட்டி, பூச்சி இல்லையென்று பார்த்து, உள்ளே காலுறைகளை அடைந்து உடுப்புக்கு நடுவில் வையுங்கள்.

ஓலைப் பொருள் தாவரப் பொருள். இறங்குகிற நாட்டில் படிவத்திலோ அதிகாரியிடமோ அறிவிக்கவேண்டும். அவுஸ்திரேலியாவில் இதில் கடுமை அதிகம். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம். பெட்டியைத் தனியாக, கெதியில் எடுக்கக்கூடியபடி வையுங்கள். பனங்கொட்டைப் பொம்மை விதை என்பதால் அதை இங்கேயே தம்பி தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. பெட்டிக்குள் போட என்று கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளையும் கொண்டுபோக வேண்டாம், அது சட்டச் சிக்கல்.

11. மிச்ச ஓலை

வாராத ஓலையைச் சுருட்டிக் கட்டி, காய்ந்த வேப்பிலையோடு பழைய பத்திரிகையில் சுற்றி, அடுப்படியில் புகை படுகிற உயரத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டாதீர்கள். மாரி தொடங்குமுன் ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்தால் அடுத்த தவணை விடுமுறைக்கும் பாவிக்கலாம். கட்டின்மேல் எப்போது வெட்டியது, எத்தனை கீற்று என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்.